தாயாதி என்ற சொல்லில் தாய் இருக்கிறாளா?

கேள்வி இதுதான்: அப்பா வழியில் வருகிற பங்காளிகளைத்தானே தாயாதி என்கிறோம், அப்படியிருக்க அந்தச் சொல் ஏன் 'தாய்' என்று தொடங்குகிறது? முன்பு சொத்து தாய் வழியாக இறங்கியதற்கு இது சாட்சியா?

இல்லை. அந்தச் சொல்லில் தாய் கிடையாது. இருப்பது 'தாயம்', அதாவது பங்காக வந்து சேரும் சொத்து. ஆனால் இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டால், தாய் தாயம் தாயாதி என்று வரிசையாகக் கேட்கிற காது ஒத்துக்கொள்ளாது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் யார் தாயாதி என்பதைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஒரே தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ, அதற்கும் மேலே ஒருவரோ, அவரிடமிருந்து மகன், மகனின் மகன் என்று ஆண் வழியாகவே இறங்கி வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் தாயாதி. பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், அப்பாவின் பெரியப்பா பேரன்கள் எல்லாரும் இதில் அடக்கம். அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது, சாவு விழுந்தால் தீட்டு உண்டு (பிராமண வீடுகளில் பத்து நாள், மற்ற இடங்களில் கணக்கு மாறும்), வரப்புத் தகராறும் பெரும்பாலும் அவர்களோடுதான். இப்போது பெரியம்மா பிள்ளையையும் சித்தி பிள்ளையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி அவர்களும் அண்ணன் தம்பிதான், ஆனால் யாரும் அவர்களைத் தாயாதி என்று சொல்லமாட்டார்கள். தாய் வழியில் வருகிற அண்ணன் தம்பி தாயாதி இல்லை, தந்தை வழியில் வருகிறவன் தாயாதி. சொல்லுக்குள் தாய் இருந்திருந்தால் நிலைமை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

சரி, சொல்லைப் பிரிப்போம். வடமொழியில் 'தாய' என்றால் பங்கு, ஒருவருக்குச் சேர வேண்டிய சொத்து. அதை எடுத்துக்கொள்கிறவன் 'தாயாத'. தாய என்பதோடு 'ஆ' என்ற முன்னொட்டும் 'தா' என்ற வினையும் சேர்ந்தது. தா என்றால் கொடு, ஆ முன்னால் வந்தால் வாங்கிக்கொள், எடுத்துக்கொள். ஆக, பங்கை எடுத்துக்கொள்கிறவன். அந்தத் தாயாத என்பதுதான் நம் வாயில் தாயாதி. தாயம் முதலான சொத்துக்கு உரியவன், 'தாயம் + ஆதி' என்று பிரித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு நம் பத்திரங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். பழைய கிரயப் பத்திரங்களில் 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று ஒரு சொற்றொடர் வரும். அங்கே இருப்பது உண்மையிலேயே தானம் + ஆதி, தானம் முதலியவை. அதைப் படித்துப் பழகிய கண்ணுக்குத் தாயாதியும் அதே வார்ப்பாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் வார்ப்பு வேறு.

இதெல்லாம் இலக்கணக்காரன் சொல்வது, எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கன்னடத்தை. தமிழில் 'த' ஒன்றுதான். தண்ணீர், தேவன் இரண்டுக்கும் அதே எழுத்து, ஒலியை வாய்தான் மாற்றுகிறது. கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அவர்கள் அம்மாவைத் தாயி என்பார்கள், அதை எழுதுவது தண்ணீரில் வருகிற த. பங்காளியைத் தாயாதி என்பார்கள், அதை எழுதுவது தேவனில் வருகிற த. ஒரே மொழியில் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. தெலுங்கிலும் தாயாதிக்குத் தேவனில் வருகிற த தான், அங்கே அம்மா தல்லி என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டியதால்தான் நமக்கு மட்டும் இந்தச் சந்தேகம் வந்தது. ஊர்ப்பக்கம் வயதானவர்கள் சிலர் தாயாதி என்பதை தானம், தர்மம் என்பதில் வருகிற ஒலியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன், அது கொச்சை இல்லை, பழைய ஒலி.

தெலுங்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே செய்தித்தாள்கள் பாகிஸ்தானைச் சர்வசாதாரணமாகத் 'தாயாதி தேசம்' என்று எழுதும், கிரிக்கெட் வந்தால் 'தாயாதிகளின் போர்'. பாகப்பிரிவினை ஆன வீட்டின் மறு பங்குக்காரன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இந்தச் சொல்லின் பழைய தடம் வேதத்தில் இருக்கிறது. தைத்திரீய சம்ஹிதையில் ஒரு கதை. மனு தன் சொத்தை, அங்கே வருகிற சொல் இதே தாயம்தான், மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். நாபாநேதிஷ்டன் என்ற மகன் அப்போது குருவிடம் படித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பங்கு வைக்கவில்லை. திரும்பி வந்தவன், எனக்கு எப்படி இல்லாமல் போயிற்று என்று கேட்கிறான். மனு சொல்லும் பதில் எந்தக் காலத்து அப்பாவும் சொல்கிற பதில்: உனக்கு ஒன்றும் இல்லாமல் போகவில்லை, அங்கே அங்கிரசர்கள் என்ற முனிவர்கள் வேள்வி செய்கிறார்கள், அவர்களுக்குச் சொர்க்கம் போகிற வழி தெரியவில்லை, போய்ச் சொல்லிக்கொடு, போகும்போது தங்கள் மாடுகளை உனக்கு விட்டுவிட்டுப் போவார்கள். அவனும் போய்ச் சொல்லிக்கொடுத்தான், மாடும் கிடைத்தது. அதை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது ருத்திரன் வந்து, வேள்விக் களத்தில் மிஞ்சியதெல்லாம் என்னுடையது என்று நிற்கிறார். கடைசியில் வேள்வியில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துத்தான் சமாதானம். வெளியூரில் படிக்கப் போன பிள்ளைக்குப் பங்கு விட்டுப்போவதும், கிடைத்ததற்கும் இன்னொருவர் பாத்தியம் கொண்டாடுவதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

பௌத்தர்களிடம் போனால் சொல் வேறு நிறம் எடுக்கிறது. ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவஸ்துவுக்கு வருகிறார். ராகுலனின் தாய் மகனை அழைத்து, அதோ அவர்தான் உன் அப்பா, போய் உனக்குச் சேர வேண்டியதைக் கேள் என்று அனுப்புகிறாள். பையன் பின்னாலேயே நடந்துபோய்க் கேட்கிறான். பாலியில் அவன் கேட்பது 'தாயஜ்ஜ', நம் தாயத்தின் உடன்பிறப்பு. புத்தர் சாரிபுத்தரைக் கூப்பிட்டு, இவனைச் சங்கத்தில் சேர் என்று சொல்லிவிடுகிறார். அவரிடம் இருந்த சொத்து அதுதான். தாத்தா சுத்தோதனர் நொந்துபோய், இனிமேல் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் துறவியாக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள, அது விதியாகவே ஆகிறது. பொருளுக்கு வாரிசாக வேண்டாம், தர்மத்துக்கு வாரிசாகுங்கள் என்று புத்தர் பிக்குகளிடம் சொல்கிற சூத்திரம் ஒன்று உண்டு, அங்கேயும் 'தம்மதாயாத' என்று இதே சொல்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். தாயம் நேற்று வந்த சொல் இல்லை. தொல்காப்பியம் பொருளியலில் 'தாயத்தின் அடையா, ஈயச் செல்லா, வினைவயின் தங்கா' என்று ஒரு நூற்பா போகும். தனக்கு உரிமையே இல்லாத ஒன்றை ஒருவர் 'எம்முடையது' என்று சொல்வதைப் பற்றிய நூற்பா அது, தோழி தலைவியின் தோளைத் தன் தோள் என்பதுபோல. ஒரு பொருள் நம்முடையது ஆக என்னென்ன வழி என்று பட்டியல் போடும்போது, தாயமாக வருவது, ஒருவர் கொடுத்து வருவது, உழைத்து வருவது என்று தாயத்தைத்தான் முதலில் வைக்கிறது. காதல் பேசுகிற இடத்தில் சொத்துச் சட்டம் நுழைகிற அழகுக்காகவே எனக்குப் பிடித்த நூற்பா.

புறநானூற்றில் சோழன் நலங்கிள்ளி பாடியதாக இரண்டு பாட்டில் இந்தச் சொல் வருகிறது. 73ஆம் பாட்டில், என் காலடியில் வந்து கேட்டால் 'முரசுகெழு தாயத்து அரசோ தஞ்சம்', அரசு என்ன பெரிய விஷயம், உயிரையே கொடுப்பேன் என்கிறான். 75இல் இன்னும் கூர்மை. 'மூத்தோர் மூத்தோர்க் கூற்றம் உய்த்தெனப் பால்தர வந்த பழவிறல் தாயம்' என்று தொடங்குகிறான். பெரியவர்கள் ஒவ்வொருவராக எமனிடம் போக, விதி கொண்டுவந்து கையில் கொடுத்த அரசுரிமை. அப்படிக் கிடைத்ததையே பெரிய சிறப்பு என்று நினைத்துக்கொண்டு குடிமக்களிடம் வரி கேட்டு நிற்கிற சிறியவன் கையில் போனால் அது தாங்க முடியாத பாரம் என்கிறான். தாயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை: மூத்தவர் சாக, இளையவருக்கு வருவது.

இதெல்லாம் சரி, ஆனால் பொருநராற்றுப்படையில் 'தாய்வயிற் றிருந்து தாயம் எய்தி' என்று இருக்கிறதே, தாயும் தாயமும் ஒரே வரியில் நிற்கின்றனவே என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் அந்த வரி கரிகாலனைப் பற்றியது. அவன் இளஞ்சேட்சென்னியின் மகன், தாய் வயிற்றில் இருக்கும்போதே அவனுக்குச் சோழ அரசுரிமை வந்துவிட்டது என்கிறது பாட்டு. அந்தத் தாயம் யாருடையது? அப்பாவுடையது. தாய் வயிற்றில் இருந்தான், தந்தையின் தாயம் பெற்றான். புலவர் இரண்டு சொல்லின் ஓசை ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து வேண்டுமென்றே பக்கத்தில் வைத்திருக்கிறார். இதே கரிகாலனைப் பட்டினப்பாலை 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்கிறது, அங்கே பகைவர் சிறையிலிருந்து வாளோடு தப்பி வந்து அதே உரிமையை எடுக்கிறான். பிறக்கும் முன்பே கிடைத்த பங்கை வளர்ந்தபின் வாளெடுத்து வாங்க வேண்டியிருந்தது.

அடுத்தது மருமக்கள்தாயம். தாய்வழிக் கட்சிக்காரர்களின் பெரிய ஆயுதம் இதுதான். கேரளத்தில் நாயர் குடும்பங்களில் சொத்து தாய் வழியாகப் போனது, அதற்குப் பெயர் மருமக்கத்தாயம், ஆகவே தாயம் என்றாலே தாய்வழி என்பார்கள். தாயம் தாய் என்பதிலிருந்தே பிறந்தது என்று தனித்தமிழ் வழியில் நின்ற சொல்லாய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. காரணம் அதே கேரளத்தில் இருக்கிற இன்னொரு சொல்: மக்கத்தாயம். அப்பன் சொத்து மக்களுக்குப் போகிற முறைக்கு அந்தப் பெயர். தாயம் என்றாலே தாய்வழி என்றால், தந்தைவழி முறைக்கு எப்படி மக்கத்தாயம் என்று பெயர் வரும்? தாயம் என்பது சொத்து இறங்குகிற முறை, அவ்வளவுதான். யாருக்கு இறங்குகிறது என்பதை முன்னால் இருக்கிற சொல் சொல்கிறது, மக்களுக்கா மருமக்களுக்கா என்று. மருமக்கள் என்றால் இங்கே மகளின் கணவன் இல்லை, சகோதரியின் பிள்ளைகள்.

தமிழ் பேசுகிறவர்களிலும் இந்த முறை இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் மாமன் சொத்து மருமகனுக்குப் போகும், சொந்த மகன்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்குதான். அப்பா கண் முன்னால் வளர்ந்த பிள்ளை ஒருநாள் வெளியே நிற்க, எங்கோ இருந்த மருமகன் சாவியோடு வருவான். அந்தக் குடும்பங்களில் பெண்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை சிரிக்கச் சிரிக்க, உள்ளுக்குள் எரிய எரிய, மருமக்கள்வழி மான்மியமாகப் பாடியிருக்கிறார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று சட்டம் கொண்டுவந்து அந்த முறையை மாற்றியது. கேரளத்தில் மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்பம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது, அது நடைமுறைக்கு வந்தது 1976 டிசம்பரில்.

இந்தச் சொல்லின் கதையில் எனக்கு உறுத்தலாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. நாம் எதில் தாயைத் தேடுகிறோமோ, அந்தச் சொல்லே ஒரு காலத்தில் பெண்களை வெளியே நிறுத்தப் பயன்பட்டது. தைத்திரீய சம்ஹிதையில் பெண்கள் 'அதாயாதீ', அதாவது தாயம் பெறாதவர்கள், என்று ஒரு வரி வருகிறது. வேள்வியில் சோமப் பாத்திரம் பற்றிப் பேசுகிற இடம் அது. பௌதாயன தர்மசூத்திரம் என்ற பழைய சட்டநூல் அந்த வேத வாக்கை எடுத்துச் சொத்துக்குப் பொருத்திவிட்டது. பெண்ணுக்குப் பங்கில்லை என்று வாதாடியவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் அதுதான் மேற்கோள். எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவன் செத்தால் முதலில் மனைவி, பிறகு மகள்கள் என்று யாக்ஞவல்கியர் வரிசை போட்டிருக்கிறார். பராசர மாதவீயம் என்ற உரைநூல் அந்த வேத வரி சோமத்தைப் பற்றியதுதான், சொத்தைப் பற்றியது இல்லை என்று விளக்கியது. ஆனால் நடைமுறையில் எந்த விளக்கம் செல்லுபடியானது என்பது பிறந்த வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்த எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

சொத்துரிமை பற்றிய இரண்டு பெரிய வடமொழி நூல்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று மிதாட்சரம், சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதியது. தமிழ்நாடு உட்பட நாட்டின் பெரும்பகுதி இதன் வழி. இன்னொன்று வங்காளத்தில் ஜீமூதவாகனர் எழுதியது, அதன் பெயரே தாயபாகம். சண்டை எங்கே என்றால், மகனுக்கு உரிமை எப்போது பிறக்கிறது என்பதில். பிறந்த கணமே என்கிறது மிதாட்சரம், அப்பா கண்ணை மூடிய பிறகு என்கிறது தாயபாகம். ஜீமூதவாகனர் சொல்லாராய்ச்சியும் செய்கிறார், அது ரசமானது. தாய என்றால் கொடுக்கப்படுவது என்கிறோம், ஆனால் செத்தவன் எப்படிக் கொடுப்பான்? தானம் கொடுத்தால் கொடுத்தவன் உரிமை போய் வாங்கியவன் உரிமை வருகிறது, சாவிலும் அதேதான் நடக்கிறது, அந்த ஒற்றுமையால்தான் 'கொடு' என்ற வினை இங்கே வருகிறது என்று அவரே பதிலும் சொல்கிறார். வக்கீல் மூளை!

மிதாட்சரம் தாயத்தை இரண்டாகப் பிரிக்கிறது. தடையில்லாத் தாயம், தடையுள்ள தாயம். அப்பா, தாத்தா சொத்தில் மகனுக்கும் பேரனுக்கும் இருப்பது தடையில்லாதது, பிறந்தாலே போதும். பிள்ளை இல்லாத சித்தப்பாவின் சொத்து தடையுள்ளது, நடுவில் தடையாக நிற்பது சித்தப்பாவின் உயிர். இதை யோசித்தால் தாயாதி என்ற சொல் ஏன் இவ்வளவு கசந்தது என்று புரியும். பிறந்த கணமே பங்கு என்றால், பெரிய வீட்டில் ஒவ்வொரு பிரசவத்திலும் எல்லார் பங்கும் கொஞ்சம் சுருங்குகிறது, தொட்டிலில் கிடப்பதே ஒரு தாயாதி. அதனால்தான் நம்மிடம் தாயாதிக் காய்ச்சல், பங்காளிக் காய்ச்சல் என்று சொல்லே உண்டு. மகாபாரதம் முழுக்கவே தாயாதிச் சண்டைதான், அது தாயக்கட்டையில் உருண்டது ஒரு பொருத்தம். (ஆட்டத்துத் தாயத்தை இதோடு முடிச்சுப் போட்டுக் கேட்பார்கள், அதை நான் இங்கே இழுக்கவில்லை. தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது!)

தமிழில் இந்தச் சொல் பொருளும் மாறியிருக்கிறது, இதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. வடமொழியில் தாயாத என்றால் முதலில் சொந்த மகன்தான், அவன்தானே முதல் பங்குக்காரன். தமிழில் பெற்ற மகனை யாராவது தாயாதி என்பார்களா? சண்டைக்கு வேண்டுமானால் சொல்லலாம். பங்கு பிரித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் இருப்பவன்தான் இங்கே தாயாதி. 'சொத்துக்கு உரியவன்' என்ற நேர்ப்பொருள் கழன்றுபோய், 'நமக்கு வந்ததில் மறுபாதியை எடுத்துக்கொண்டவன்' என்ற உறவுப்பொருள் மட்டும் தங்கிவிட்டது. காலியான அந்த நேர்ப்பொருளில் வந்து உட்கார்ந்தது வாரிசு. அது அரபுச் சொல், 'வாரிஸ்', உருது வழியாக நவாப் காலத்துக் கச்சேரிகளில் புழங்கி நம்மிடம் நிலைத்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்குவது வாரிசுச் சான்றிதழ், தாயாதிச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இதே விஷயத்துக்கு வேறு சொற்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம். முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவனும் மனைவியுமாகச் சம்பாதித்தது தேடியதேட்டம். முதுசம் என்பது முதுசொம் என்பதன் தேய்வு, முது என்றால் பழைய, சொம் என்றால் சொத்து. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1707இல் எழுதி வாங்கிய தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டத்தில் இந்த மூன்றும் உண்டு. பழைய வழமைப்படி அப்பன் முதுசம் ஆண்களுக்கும் தாயின் சீதனம் பெண்களுக்குமாகப் போனது. தாய் சொத்து தாய் வழியே போவதற்கு நம் மொழியில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் அதைச் சீதனத்தில் தேடுங்கள், தாயாதியில் தேடாதீர்கள். இன்று அந்தச் சொல்லை என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறோம் என்பது வேறு விஷயம். தாயின் வயிறு உள்ளே இருக்கிற உறவுச் சொல் வேண்டுமா, அதுவும் இருக்கிறது: சகோதரன். சக + உதரம், ஒரே வயிறு.

சட்டத்தில் இப்போது தாயாதியின் இடம் என்ன? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வரிசையில் மகன், மகள், மனைவி, தாய். அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் இரண்டாம் வரிசை, தகப்பனார், சகோதர சகோதரிகள் எல்லாம் அதில். அந்த இரண்டு வரிசையிலும் ஆளே இல்லை என்றால்தான் முழுக்க ஆண் வழியாக வருகிற உறவினர், அதாவது பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளான நம் தாயாதிகள். கவனித்தீர்களா, தாய் முதல் வரிசை, தாயாதி மூன்றாம் வரிசை, தகப்பன்கூட இரண்டாவதுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. மத்தியச் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்தத் தடையில்லாமல் மகளையும் மகனைப் போலவே வைத்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற இழுபறியை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, வேண்டியதில்லை என்று.

ஆக, 'பங்கை எடுத்துக்கொள்கிறவர்' என்ற மூலப் பொருளில் பார்த்தால் இன்று அக்காவும் தங்கையும்கூட தாயாதிதான். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது, மடித்த இடமெல்லாம் பிய்ந்து, மை பழுப்பேறி. 'மேற்படி கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், எட்டு நாளைக்கு இரண்டு நாள் இறைப்பு முறையும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்' என்று கிணற்றுத் தண்ணீரைக்கூடப் பிரித்திருக்கிறார்கள், நாலு அண்ணன் தம்பிகளின் பெயர் இருக்கிறது, கூடப் பிறந்த இரண்டு பெண்கள் பிறந்ததாகவே அதில் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா பங்கை எங்கள் பெயருக்கு மாற்றலாம் என்று பார்த்தபோது, அப்பாவோடு பிறந்த அத்தையும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் பத்திர எழுத்தர். சித்தப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றியபடியே அத்தை வீட்டுக்குள் நுழைந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார், நடுவில் ஒருமுறை எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத்தனை வருஷம் அக்காவா இருந்தேன், இன்னிக்குத்தான்டா நான் உனக்குத் தாயாதி" என்றார்.

சித்தப்பா காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். பத்திரம் இன்னும் அத்தை வீட்டு பீரோவில்தான் இருக்கிறது.